வைடூர்யமும் வல்லத்துக் கல்லும்

ஒரு மணியின் பெயர் அது பிறந்த இடத்தைக் குறிக்கிறதா, தீட்டப்பெற்ற இடத்தைக் குறிக்கிறதா என்னும் விசாரம் மிகப் பழையது. ‘அதிலிருந்து தோன்றுவது’ என்னும் பொருளில், விதூரம் என்னும் சொல்லினின்று வைடூர்யம் என்பதைப் பாணினி அமைத்தார் (4.3.84). இங்கே மஹாபாஷ்யத்தில் ஓர் ஆக்ஷேபம் எழுகிறது. அம்மணி பிறப்பது வாலவாயத்தில்; விதூரத்தில் அது ஸம்ஸ்காரம் பெறுகிறது, அவ்வளவே. அங்ஙனமாயின் ஸூத்ரம் எவ்வாறு பொருந்தும்? வணிகர் வாராணஸியை ஜித்வரீ என்று வழங்குவதுபோல, வாலவாயத்தையே வையாகரணர் விதூரம் என்று வழங்கினர் என்பது வார்த்திகம் கூறும் ஸமாதானங்களுள் ஒன்று. தீட்டுதலே பிறப்பு என்று வார்த்திகம் கொள்ளவில்லை.

இச்சொல் ப்ராக்ருதத்தில் வேளுரியமாகி, யவனரிடம் பெரில்லோஸ் ஆயிற்று. கொங்குநாட்டுப் படியூர் இக்கல்லுக்குப் பேர்பெற்றது. நொய்யற்கரைக் கொடுமணலில் மணி செய்த தடயங்கள் அகழாய்வில் வெளிப்பட்டன. ஜெர்மானியர் மூக்குக்கண்ணாடிக்கு வழங்கும் ‘பிரில்லெ’ என்னும் பெயரும் பெரில்லோஸின் வழிவந்ததே.

காவிரிச் சமவெளியோ வண்டல் நிலம். தஞ்சை மாமணிக்கோயிலில் மணிக்குன்றப் பெருமாள் எழுந்தருளியிருப்பினும், மணி விளையும் மலை இங்கில்லை. புகாருக்கு மணி வடமலையிலிருந்து வந்ததாகவே பட்டினப்பாலை பேசும். ஆயினும் தஞ்சைக்குத் தென்மேற்கே, செம்மண் மேட்டிலுள்ள வல்லத்தில் படிகக் கூழாங்கற்கள் கிடைத்தன. மேற்புறம் சொரசொரத்து மங்கியிருக்கும் அக்கல்லை அறுத்துச் சாணைபிடித்து மூக்குக்கண்ணாடிக்கு வில்லைகளாக்கினர். படிகத்தைத் தேய்க்க, அதனினும் கடினமான குருந்தக்கல்லின் பொடி போன்றதொன்று வேண்டும். பிறந்த இடமும் ஸம்ஸ்கார இடமும் இங்கே அருகருகே அமைந்தமையால், வாலவாய விசாரத்தைக் கண்ணாலேயே காண இயன்றது. சாணைக்காரன் படிகத்துக்குத் தெளிவைக் கொடுப்பதில்லை. அதை மறைத்த தோலை நீக்குகிறான்.

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. முக்தனுடைய ஸ்வரூபாவிர்பாவத்தை நிலைநாட்டுமிடத்து (4.4.3) எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் சௌனக பகவானுடைய வசனத்தை எடுத்தருளுகிறார். அழுக்கு நீக்குவதால் மணியில் ஒளி புதிதாக உண்டாவதில்லை. தோஷம் நீங்குவதால் ஆத்மாவில் ஜ்ஞானமும் புதிதாக உண்டாவதில்லை என்பது அதன் தாத்பர்யம். தீட்டுதலே பிறப்பாயின், மோக்ஷமும் உண்டாக்கப்பட்ட பொருளாகும். உண்டானது அழியும் என்னும் தோஷமும் உடன்வரும். ஆகவே ‘பிறப்பு’ என்னும் சொல்லை எங்கே வைப்பது என்பதில் ஸித்தாந்தமே நிற்கிறது.

வார்ப்புக் கண்ணாடியும் நெகிழியும் மலிந்தபின் படிக வில்லைத் தொழில் அருகிவிட்டது. கல்லின் தெளிவு மண்ணுக்குள்ளும் குறைவதில்லை. குறைந்தவை அதை வெளிப்படுத்தும் கைகளே. இத்த்ருஷ்டாந்தத்தைக் காலக்ஷேபத்தில் கேட்கும் இளையோர், அக்கைகள் உள்ளபோதே ஒருமுறை சென்று சாணையருகே அமர்ந்து பார்த்தல் நலம்.