துப்பாக்கிக்கும் ஜாதகம் உண்டு: அதை யார் பார்க்கலாம்?

1/
குற்றம் நடந்த இடத்தில் போலீஸ் ஒரு துப்பாக்கியைக் கைப்பற்றுகிறது. எந்தக் கம்பெனி செய்தது, எந்தக் கடை விற்றது, முதலில் யார் வாங்கியது? அமெரிக்காவில் இதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கண்டுபிடித்ததை மக்கள் பார்க்கலாமா என்பதில் 20 வருஷத்துக்கும் மேலாகச் சண்டை. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
1968. மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி இருவரும் இரண்டு மாத இடைவெளியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வருஷமே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. துப்பாக்கியில் சீரியல் நம்பர் இருக்கணும். லைசென்ஸ் பெற்ற கடைக்காரர் ஒவ்வொரு விற்பனையையும் பதிவேட்டில் எழுதணும்.

3/
ஆதார் மாதிரி நம்பரைத் தட்டினால் ஆள் பெயர் வந்துவிடும்னு நினைக்காதீங்க. அப்படி ஒரு தேசியப் பட்டியலை வைக்கக் கூடாது என்று 1986-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதனால் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏ.டி.எஃப். மையம் முதலில் தயாரிப்பாளரைக் கேட்கும், அப்புறம் மொத்த வியாபாரியை, அப்புறம் கடையை. மூடிய கடைகளின் பழைய பதிவேடுகளும் அங்கேதான் குவியும்.

4/
மருத்துவர்களுக்கு இது பழகிய வேலை. 1854-ல் லண்டனில் காலரா. டாக்டர் ஜான் ஸ்நோ பிராட் தெரு அடிபம்பைக் கண்டுபிடித்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன் அவர் செய்த ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. இறப்புப் பதிவு அலுவலகத்தில் அனுமதி கேட்டு, இறந்தவர்களின் பட்டியலை வாங்கினார். பட்டியல் கிடைத்ததால்தான் பம்ப் கிடைத்தது.

5/
துப்பாக்கி விஷயத்தில் அப்படி ஒரு பட்டியல் 2000-ல் வெளிச்சத்துக்கு வந்தது. ஏ.டி.எஃப். அறிக்கைப்படி, 1998-ல் தடம் பிடித்த குற்றத் துப்பாக்கிகளில் 57 விழுக்காடு, நாட்டின் கடைகளில் வெறும் 1.2 விழுக்காட்டில் இருந்து போனவை. பெரும்பாலான கடைகளுக்கு ஒரு துப்பாக்கிகூடத் தடம் போகவில்லை.

6/
"அப்போ அந்தக் கடைக்காரர்கள் எல்லாம் திருடர்களா?" இல்லைங்க. அதிகம் விற்கிற கடையின் பெயர் அதிகம் வரும். பெரிய அரசு மருத்துவமனையில் இறப்பு அதிகம் என்பதால் அங்கே வைத்தியம் மோசம் என்று சொல்ல முடியுமா? சீரியஸ் நோயாளிகள் அங்கேதானே வருவார்கள்! அதேபோல, தடம் என்பது குற்றச்சாட்டு அல்ல. அது எங்கே தேடணும்னு காட்டும் குறிப்பு.

7/
அந்தக் குறிப்பு வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? மில்வாக்கி நகரத்தை ஒட்டி ஒரு கடை. குற்றத் துப்பாக்கிகளில் நாட்டிலேயே முதலிடம் என்று 1999-ல் செய்தி வந்தது. புதுச் சட்டம் எதுவும் வரவில்லை. கடைக்காரரே மலிவு விலைக் கைத்துப்பாக்கி விற்பதை நிறுத்தினார். அதன்பின் நகரத்தில் குற்றவாளிகளுக்குப் போன புதுத் துப்பாக்கிகள் 44 விழுக்காடு குறைந்தன என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

8/
இதே காலத்தில் சிகாகோ மாநகராட்சி துப்பாக்கிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டிருந்தது. தடத் தரவு வேண்டும் என்று தகவல் சுதந்திரச் சட்டத்தில், அதாவது நம்ம ஊர் ஆர்.டி.ஐ. மாதிரியான சட்டத்தில், கேட்டது. கீழ் நீதிமன்றங்கள் கொடுக்கச் சொன்னன. விஷயம் உச்ச நீதிமன்றம் போனது.

9/
நடுவே 2002 அக்டோபர். வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் மூன்று வாரத்தில் 10 பேர் மறைந்திருந்து சுடப்பட்டு இறந்தார்கள். அந்தத் துப்பாக்கியின் தடம் நாட்டின் மறுகோடியில், டகோமா நகரத்தில் ஒரு கடையில் போய் நின்றது. கடையில் சோதித்தால் 200-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்குக் கணக்கே இல்லை!

10/
இனி கண்காணிப்பு இறுகும்னுதானே நினைப்போம்? நடந்தது தலைகீழ். 2003 பிப்ரவரியில் பட்ஜெட் சட்டத்தில் ஒரு பத்தி நுழைந்தது: தடத் தரவை வெளியிடப் பணம் செலவழிக்கக் கூடாது. சில நாளில் உச்ச நீதிமன்றம் சிகாகோ வழக்கைத் திருப்பி அனுப்பியது. அதே வருஷம் கன்சாஸ் உறுப்பினர் டாட் டீஹார்ட் கொண்டுவந்த திருத்தம் இன்னும் இறுக்கியது. கடைகள் இருப்புக் கணக்கு எடுக்கணும் என்று ஏ.டி.எஃப். கட்டாயப்படுத்தவும் முடியாது.

11/
ஆதரித்தவர்கள் சொன்ன காரணத்தையும் கேட்போம். ரகசிய விசாரணை நடக்கும்போது எந்தத் துப்பாக்கி தடம் பிடிக்கப்பட்டது என்று வெளியே தெரிந்தால், மாறுவேடத்தில் உள்ள போலீஸ்காரர் உயிருக்கே ஆபத்து. சட்டப்படி விற்ற கடை மேல் வீண்பழி விழும். போலீஸ் சங்கமான 'ஃப்ராட்டர்னல் ஆர்டர் ஆஃப் போலீஸ்' இந்தப் பக்கம் நின்றது. இது ஒதுக்கித் தள்ளும் வாதம் அல்ல.

12/
எதிர்ப்பக்கமும் போலீஸ்தான். சர்வதேச காவல்துறைத் தலைவர்கள் சங்கம் திருத்தத்தை எதிர்த்தது. 2006-ல் நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க், பாஸ்டன் மேயர் மெனினோ தலைமையில் மேயர்கள் சேர்ந்தார்கள். "துப்பாக்கி எந்த வழியாக எங்கள் ஊருக்குள் வருகிறது என்றே தெரியாமல் எப்படித் தடுப்பது?" என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம்.

13/
மில்வாக்கிக்குத் திரும்புவோம். திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கடையில் விற்று ஒரே வருஷத்துக்குள் குற்றவாளிகள் கைக்குப் போன துப்பாக்கிகள் சுமார் 200 விழுக்காடு கூடின, அதாவது மூன்று மடங்கு, என்கிறது 2012-ல் வந்த ஆய்வு. ஒரே கடை, ஒரே ஊர். ஒன்றின் பின் ஒன்று நடந்ததாலேயே காரணம் நிரூபணம் ஆகாது. ஆனாலும் திறந்தபோது குறைந்து, மூடியபோது கூடினால், எந்த டாக்டருக்கும் சந்தேகம் வரும்.

14/
பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள். போலீஸ் துறைகள் தங்களுக்குள் பகிரலாம், மொத்தப் புள்ளிவிவரம் வெளியிடலாம் என்று 2008, 2010-ஆம் நிதியாண்டுகளில் மாற்றம் வந்தது. 2020 டிசம்பரில் இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒரே மாதத்தில் எதிரெதிர் தீர்ப்பு சொன்னன. ஒன்று மொத்தத் தரவைக் கொடு என்றது, இன்னொன்று முடியாது என்றது. திருத்தத்தின் மையம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

15/
என் கருத்து இதுதான். காசநோய் வந்தவர் பெயரை நாம் வெளியிடுவதில்லை. ஆனால் எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்பதை மறைப்பதும் இல்லை. பெயரும் நடப்பு விசாரணையும் ரகசியமாகவே இருக்கட்டும். முடிந்துபோன வழக்குகளின் எண்ணிக்கை, கடைவாரியாக, விற்பனை அளவோடு சேர்த்து வெளியே வரட்டும். போலீஸ்காரர் உயிரையும் காக்கலாம், நேர்மையான கடைக்காரர் பெயரையும் காக்கலாம்.

16/
ஸ்நோவுக்கு அன்று அந்த அலுவலகம் "பட்டியல் தர முடியாது" என்று சொல்லியிருந்தால், பம்ப் தன் பாட்டுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும். மக்களும் குடித்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்க, பேசுவோம்.