பெருநாழியில் விழுந்த விண்கல்

உலக விண்கல் பட்டியல்களில் ‘பர்னல்லி’ என்றொரு பெயர் உண்டு. இத்தாலி நாட்டு ஊரோ என்று ஐயுறுவீர்கள். பட்டியல் தரும் அட்சரேகை 9 பாகை 14 கலை. தீர்க்கரேகை 78 பாகை 21 கலை. தேசப்படத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் மல்லாங்கிணற்றுக்குத் தென்கிழக்கே, கமுதியை அடுத்த பெருநாழிப் பக்கமே விரல் நிற்கும். ஆங்கிலேயர் நாவில் ஊர்ப்பெயர் அவ்வாறு சிதைந்தது!

1857 பிப்ரவரி 28ஆம் நாள் அங்கே இரண்டு கற்கள் வீழ்ந்தன. மொத்த எடை 77 கிலோவுக்கு மேல். சிப்பாய்ப் புரட்சி மூளுவதற்குச் சில வாரங்களே இருந்த காலம். ஆயினும் கற்கள் பேணப்பெற்று, இலண்டன் அருங்காட்சியகம் வரை சென்றன.

இரும்பும் உலோகத் துகளும் மிகக் குறைந்தமையால் இதனை ‘எல்.எல்.’ இனம் என்பர். கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்பெருக்கியில் நோக்கினால், கடுகுபோன்ற மணியுருண்டைகள் தெரியும். ‘காண்ட்ரூல்’ என்பது அவற்றின் பெயர். வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டு. 1967இல் வான் ஷ்மஸ், உட் என்னும் இருவர், இம்மணிகள் வெப்பத்தால் எவ்வளவு மாறின என்பதைக் கொண்டு வரிசை எண் வகுத்தனர். குழைய வெந்த சோற்றில் அரிசி தனித்துத் தெரியாது; அரைவேக்காட்டில் தெரியும் அல்லவா? இவ்வினத்தில் பெரும்பாலானவை 4 முதல் 6 வரை வெந்தவை. பெருநாழிக் கல்லோ 3. பிறந்த கோலம் பெரிதும் கலையாதது. அருமை அதில்தான்.

2010இல் ஜப்பானியரின் ஹயபுசா விண்கலம் இடோகாவா என்ற சிறுகோளின் தூளைக் கொணர்ந்தது. அதுவும் எல்.எல். இனமே எனக் கண்டனர். ஏழாண்டுப் பயணத்தில் கிடைத்தது ஒரு கிராமுக்கும் மிகக் குறைவு. நம் கரிசலில் தானே வந்து விழுந்ததோ 77 கிலோ.