இடம் மாறிக் கற்றவர்கள்

சென்ற மாதம் ஒரு நாள் அஸ்ர் தொழுகை முடிந்ததும், எங்கள் மதரசாவில் சிறு வயதில் ஓதிய மாணவர் ஒருவர் தம் தந்தையுடன் வந்திருந்தார். பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறார். நாட்டின் முன்னணி மத்தியப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றுக்கு மாற வேண்டும் என்பது அவருடைய விருப்பம். நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இருக்கும் இடங்களோ மிகச் சில. தேர்ச்சி பெற்றாலும் பெரும்பாலும் முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்க நேரிடும்.

தந்தைக்கு அது பொறுக்கவில்லை. “சேர்த்த எடத்துலயே முடிச்சா என்ன ஹஜ்ரத்? ரெண்டு வருஷக் காசும் போயி, காலமும் போயி, அங்கேயும் எடம் கெடைக்கலேன்னா ஊருல என்னன்னு சொல்றது?” என்றார். பிறகு சற்றுத் தயங்கி, “இது வரைக்கும் சொல்லிக்கொடுத்த வாத்தியாருங்களுக்குச் செய்யிற நன்றிகேடு இல்லையா?” என்றும் கேட்டார்.

காசு, காலம், ஊர்ப்பேச்சு, நன்றி ஆகிய நான்கும் அவர் கேள்விக்குள் இருந்தன. இந்தக் கவலை இன்று நம் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. ஆகவே அன்று அவருக்குச் சொன்னதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நம் பகுதித் திருமண அழைப்பிதழ்களையும் மீலாது விழா அறிவிப்புகளையும் கவனித்திருப்பீர்கள். ஆலிம்களின் பெயருக்குப் பின்னால் அவர்கள் ஓதி முடித்த மதரசாவின் பெயரால் அமைந்த பட்டம் இருக்கும். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் முடித்தவர் பாகவி. லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் முடித்தவர் மன்பஈ. தேவ்பந்த் தாருல் உலூமில் முடித்தவர் காசிமி. சிலருக்கு இரண்டு பட்டங்கள் இருக்கும். ஓரிடத்தில் ஓதியவர் அதோடு நில்லாமல், இன்னொரு பெரிய மதரசாவின் வாசலிலும் போய் நின்றிருக்கிறார் என்பதே அதன் பொருள். இரண்டாவது பட்டம் வந்ததும் முதலாவதை யாரும் அழித்துவிடுவதில்லை. இரண்டும் அருகருகே நிற்கின்றன. நன்றிகேடு அல்ல என்பதற்கு நம் கண்முன் உள்ள முதல் சாட்சி இது.

இந்த வழக்கத்தின் வேர் மிகப் பழையது. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் இமாம், ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வாழ்வையே பார்ப்போம். அவர்கள் ஹிஜ்ரி 150-இல் காஸாவில் பிறந்தார்கள். தந்தையை இழந்த அந்தக் குழந்தையைத் தாயார் மக்காவுக்கு அழைத்து வந்தார்கள். அங்கே வறுமை இருந்தது. ஆனால் கல்விக்குக் குறைவில்லை. மக்காவின் முஃப்தியான முஸ்லிம் பின் காலித் அஸ்ஸன்ஜீ (ரஹ்) போன்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். மக்காவிலேயே இருந்திருந்தாலும் அவர்கள் நல்லதொரு ஃபகீஹாக விளங்கியிருப்பார்கள்.

ஆனால் அக்காலத்தில் மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மஜ்லிஸ்தான் எல்லாரும் நாடிய இடம். அங்கே இடம் பெறுவது எளிதன்று. இளம் ஷாஃபிஈ என்ன செய்தார்கள் என்பதை வரலாற்று நூல்கள் அழகாகத் தருகின்றன. முதலில் மக்காவில் ஒருவரிடமிருந்து ‘முவத்தா’ நூலை இரவல் வாங்கி மனனம் செய்தார்கள். அதன் பிறகே மக்காவின் ஆளுநரிடம் சென்று, மதீனாவின் ஆளுநருக்கும் இமாம் மாலிக்குக்கும் பரிந்துரைக் கடிதங்கள் பெற்றார்கள்.

மதீனா ஆளுநர் கடிதத்தைப் படித்துவிட்டுத் தயங்கினாராம். இமாம் மாலிக்கின் வாசலுக்குச் செல்வதைவிட, மதீனாவிலிருந்து மக்காவுக்கு வெறுங்காலோடு நடப்பது தமக்கு எளிது என்ற கருத்தில் பேசினாராம். ஆயினும் உடன் சென்றார். வெகுநேரம் காத்திருந்தபின் இமாம் வெளியே வந்தார்கள். கடிதத்தில் பரிந்துரை வாசகம் வந்த இடத்தில் அதை எறிந்துவிட்டு, நபிகளாரின் (ஸல்) கல்வியைச் சிபாரிசு கொண்டா தேடுகிறார்கள் என்று வருந்தினார்கள். ஆளுநர் வாய் திறக்க அஞ்சி நின்றார். அப்போது ஷாஃபிஈ தாமே முன்வந்து தம் நிலையை எடுத்துச் சொன்னார்கள். இமாம் அவர்களைக் கூர்ந்து நோக்கி, இறையச்சத்தைக் கடைப்பிடிக்குமாறு அறிவுரை கூறி, மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் முவத்தாவை ஷாஃபிஈ மனத்திலிருந்தே ஓதியபோது, அந்த ஓதல் இமாமுக்குப் பிடித்துப்போயிற்று. மேலும் மேலும் ஓதச் சொன்னார்கள்.

ஆளுநரின் கடிதம் வாசல்வரை கொண்டு சென்றது; உள்ளே சேர்த்ததோ நெஞ்சில் சுமந்து வந்த நூல். இன்று விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இதை மனத்தில் வைக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்திய ஆயத்தமே விண்ணப்பத்தின் உயிர்.

ஹிஜ்ரி 179-இல் இமாம் மாலிக் மறைந்த பிறகும் ஷாஃபிஈ இமாமின் கல்விப் பயணம் நிற்கவில்லை. பிற்காலத்தில் பாக்தாதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான முஹம்மத் பின் ஹசன் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்களிடம் பயின்றார்கள். நம் டெல்டாவின் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீகளும் கடற்கரையில் ஷாஃபிஈகளும் மிகுதியாக வாழ்கிறார்கள். அந்த இரு மத்ஹபுகளின் கல்வியும் ஒரு மாணவரின் இடமாற்றத்தில் சந்தித்திருக்கின்றன. பின்னாளில் பல சட்டங்களில் மாலிக் இமாமோடு அவர்கள் மாறுபட்டார்கள். எனினும் தம் ஆசிரியர் என்ற மரியாதையில் குறைவு வைக்கவில்லை.

அக்காலத்தில் இவ்வாறு மாறுவதற்கு வசதியாக ஒரு முறையும் இருந்தது. இஜாஸா என்னும் அனுமதியை நிறுவனம் தரவில்லை, ஆசிரியர் தந்தார். எந்த நூலை யாரிடம் ஓதினாரோ அந்த நூலுக்கு அவர் தரும் சான்று அது. ஆகவே மாணவர் எந்த ஊருக்குப் போனாலும் கற்றது அவரோடு சென்றது. யாரும் அதைக் கழித்துவிட முடியாது. நம் நாட்டின் இன்றைய கல்லூரிகளில் நெடுங்காலம் அப்படி இல்லை. பாதியில் மாறினால் படித்த ஆண்டுகள் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்விசார் மதிப்பெண் வங்கி என்ற ஏற்பாட்டுக்கு விதிகள் வகுத்தது. ஒரு கல்லூரியில் பெற்ற மதிப்பெண் அலகுகள் மாணவரின் கணக்கில் சேரும். அவற்றை வேறு கல்லூரிக்குக் கொண்டு செல்லலாம் என்பதே அதன் நோக்கம். ஆனால் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் அவற்றை ஏற்கிறதா, இரண்டாம் ஆண்டில் இடம் இருக்கிறதா என்பதை முன்பே கேட்டறிய வேண்டும். கேட்காமல் இருக்கும் இடத்தை விட்டுவிடுவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறுதான் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

சான்றிதழ்களைப் பற்றிப் பேசும்போது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வரும். தூஸ் நகரில் பிறந்து, ஜுர்ஜானுக்குச் சென்று கற்றுத் திரும்பும் வழியில் கொள்ளையர் அவர்களின் பொருள்களைப் பறித்துக்கொண்டார்கள். பாடக் குறிப்புகளையாவது திருப்பித் தருமாறு அவர்கள் கெஞ்சியபோது, காகிதம் போனால் போய்விடும் கல்வி என்ன கல்வி என்ற பொருளில் கொள்ளையர் தலைவன் நகைத்தான். அவன் குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்தச் சொல்லோ அவர்கள் நெஞ்சில் தங்கிவிட்டது. ஊர் திரும்பி மூன்று ஆண்டுகள் உழைத்து, குறிப்புகள் அனைத்தையும் மனனம் செய்தார்கள். அதன் பின்னரே நைசாபூருக்குச் சென்று இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் சேர்ந்தார்கள். 1091-இல் பாக்தாத் நிஜாமிய்யாவின் ஆசிரியப் பீடம் அவர்களைத் தேடி வந்தது. அந்த மூன்று ஆண்டுகளை வீணான காலம் என்று யாரேனும் சொல்வார்களா?

இவையெல்லாம் இமாம்களின் காலத்துச் செய்திகள் என்று தந்தை சொன்னார். ஆகவே நம் கடற்கரையிலேயே, நம் பாட்டனார் காலத்தில் நடந்ததைச் சொன்னேன்.

இராமேசுவரத்து ஜைனுலாப்தீன் அவர்களின் மகன் அப்துல் கலாம், திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1954-இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பின்னரே இயற்பியல் தமக்குரிய துறையன்று, பொறியியலே தம் வழி என்று உணர்ந்ததாகத் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். இன்டர்மீடியட் முடித்தவுடனேயே அதில் சேர்ந்திருக்கலாம், ஆண்டுகள் கடந்துவிட்டன. எனினும் அக்காலத்தில் தென்னாட்டிலேயே பெயர்பெற்றிருந்த சென்னை எம்.ஐ.டி.க்கு விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டும். தந்தையிடம் அவ்வளவு பணம் இல்லை. அவருடைய சகோதரி ஜொஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தம் சொந்த உழைப்பில் அவற்றை மீட்டுத் தருவேன் என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டார். உதவித்தொகை பெறும் அளவுக்குக் கடுமையாகப் படிப்பதே அதற்கு வழி என்று கண்டார்.

எல்லா வாசலும் அவருக்குத் திறந்துவிடவில்லை. படிப்புக்குப் பிறகு விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் சென்றார். இருபத்தைந்து பேரில் எட்டுப் பேருக்கே இடம். அவர் ஒன்பதாவதாக வந்தார். அந்த ஒன்பதாம் இடம் அவர் வாழ்வின் முடிவாகவில்லை என்பதை நாடே அறியும். “இடம் கிடைக்கவில்லையென்றால் ஊரில் என்ன சொல்வது?” என்ற கேள்விக்கு இதுவே என் விடை.

அவர் சென்னைக்குச் சென்ற 1955-இல்தான் நம் பக்கத்து அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்கு முன் பட்டப்படிப்புக்கு நம் பிள்ளைகள் தொலைதூரம் போக வேண்டியிருந்தது. அருகிலேயே கல்லூரி அமைந்தது அல்லாஹ்வின் அருள். அதை எண்ணி நன்றி செலுத்துவதும் கடமை. இங்கே படித்து முடிப்பவர் எவ்வகையிலும் குறைந்தவரல்லர். ஊரில் பெயர் கிடைக்கும் என்பதற்காக மட்டும் மாறுவது வீண். ஆனால் தேடும் கல்வி இங்கே இல்லை, வேறிடத்தில் இருக்கிறது என்றால், அங்கே போவது நம் முன்னோர் நடந்த பாதை.

அந்த மாணவரிடம் மூன்று செய்திகள் சொன்னேன். எதற்காக மாறுகிறாய் என்பதை ஒரே வாக்கியத்தில் உன் அத்தாவிடம் சொல்லிப் பார். சொல்ல முடியாவிட்டால் இன்னும் யோசி. நுழைவுத் தேர்வு முடிவும் சேர்க்கையும் உறுதியாகும்வரை இங்கே வகுப்பைத் தவற விடாதே. விண்ணப்பிக்கும் முன் உன் இப்போதைய ஆசிரியர்களிடம் சென்று சொல்லி, அவர்களின் துஆவைப் பெற்றுக்கொள்.

தந்தையிடம் சொன்னது ஒன்றுதான். “ஷாஃபிஈ இமாமை மதீனாவுக்கு அனுப்பிவைத்த தாயார் ஏழை. கலாமை அனுப்பிய சகோதரிக்கு இருந்தது கழுத்திலும் கையிலும் கிடந்த நகை. நீங்கள் கொடுக்க வேண்டியது முதலில் உங்கள் சம்மதம்.”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மக்ரிப் பாங்கு ஒலித்தது. மூவரும் எழுந்து ஒளூ செய்யச் சென்றோம். இரண்டு நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்து, விண்ணப்பத்தின் கடைசித் தேதி எப்போது என்று மகனிடம் கேட்டதாகச் சொன்னார்.

நம் பிள்ளைகள் தேடிச் செல்லும் கல்வியை அல்லாஹ் பயனுள்ள கல்வியாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.