ரோபோவுக்குப் பின்னால் ஒரு மேகம்

மூன்று வருடங்களாக என் லேப்டாப் திரையில் ஒரு தகர ரோபோதான் வால்பேப்பர். பழைய விண்வெளி பொம்மைகளின் விளம்பரங்களையும் பெட்டிப் படங்களையும் சேகரிக்கிறவன் நான். பொம்மைகளையே வாங்கலாம்தான்; ஏல விலையைப் பார்த்தால் நம்ம சம்பளத்துக்குத் தலை சுற்றும். படங்களுக்குக் காசு கிடையாது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘அட்டாமிக் ரோபோ மேன்’ பெட்டி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரை முழுக்கக் குவிந்துகிடந்த ஃபைல்களை ஒழுங்குபடுத்தினேன். அவை மறைத்திருந்த இடத்தில் ஒரு காளான் மேகம். ரோபோவைச் சுற்றி இடிந்துகொண்டிருக்கும் நகரம். அட, இவ்ளோ நாளா இதுக்கு மேலதான் வேலை செஞ்சுக்கிட்டிருந்தேனா?

விண்வெளி பொம்மைகளின் கதையைப் பெரும்பாலும் பக் ரோஜர்ஸிலிருந்து தொடங்குவார்கள். 25ஆம் நூற்றாண்டில் கண்விழிக்கும் அமெரிக்கன், செய்தித்தாள் படக்கதையின் நாயகன். 1934இல், மிச்சிகனில் ஏர்கன் தயாரித்துக்கொண்டிருந்த டெய்ஸி நிறுவனம் அவனுடைய எக்ஸ்இசட்-31 ராக்கெட் துப்பாக்கியை 50 சென்ட்டுக்கு விற்றது. அதில் குண்டு கிடையாது, விசையை இழுத்தால் சத்தம் மட்டும்தான்.

பிறகு போர் வந்தது. பொம்மைக்கான உலோகம் ஆயுதத்துக்குப் போனது. போர் முடிந்ததும் அதே டெய்ஸி அதே நாயகன் கையில் புதிய துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தது. பெயர் யூ-235 அணுத் துப்பாக்கி. ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று வெடித்த குண்டுக்குள் இருந்ததும் யுரேனியம்-235தான்.

1947இல் கிக்ஸ் என்ற காலை உணவு பிராண்ட் இன்னும் ஒருபடி மேலே போனது. பெட்டியின் மேல்பகுதியைக் கிழித்து 15 சென்ட்டுடன் அனுப்பினால் ‘அணுகுண்டு மோதிரம்’ வீடு தேடி வரும். இருட்டில் உற்றுப் பார்த்தால் உள்ளே ஒளிப்புள்ளிகள் மின்னும். காரணம், அதில் இருந்த துளி பொலோனியம். இந்த விளம்பரங்களைப் போட்டுவைத்த ஃபோல்டருக்கு நான் வைத்திருந்த பெயர் ‘செம காமெடி’.

இதே வருடங்களில் ஜப்பானில் என்ன நடந்தது? 1945 டிசம்பர். ஓட்சு என்ற ஊரில் மாட்சுசோ கொசுகே என்ற பொம்மைக்காரர், அமெரிக்கப் படையினர் தின்றுவிட்டு எறிந்த தகர டப்பாக்களைச் சேகரித்து, வெட்டி, நிமிர்த்தி, தெருவில் ஓடிய ராணுவ ஜீப்பின் குட்டி உருவத்தைச் செய்தார். கியோட்டோவில் 10 யென்னுக்கு விற்றது. தோற்ற நாட்டின் பிள்ளைகள் ஜெயித்தவர்களின் வண்டியை வைத்து விளையாடினார்கள்.

1947க்குப் பிறகு இந்தத் தகர பொம்மைகள் கப்பலேறின. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரானது’ என்ற ஆங்கில முத்திரையோடு அமெரிக்கக் கடைகளுக்குப் போனவற்றில் ஒன்றுதான் என் ரோபோ. ஐந்து அங்குல உயரம், சாவி கொடுத்தால் நடக்கும்.

எனக்குத் தூக்கம் போனது அடுத்த விஷயத்தில்தான். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியப் பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது. ஹிரோஷிமா, நாகசாகியின் அழிவைக் காட்டும் புகைப்படங்கள் வெளிவர முடியவில்லை. 1952 ஏப்ரலில் ஆக்கிரமிப்பு முடிந்து, ஆகஸ்ட்டில் ‘அசாஹி கிராஃப்’ இதழ் அவற்றை வெளியிட்ட பிறகுதான் மக்கள் பரவலாகப் பார்த்தார்கள். அதாவது, செய்தியாக அந்த நாட்டுக்குள் அனுமதிக்கப்படாத மேகம், பொம்மைப் பெட்டியின் அலங்காரமாக அங்கிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. அதற்கு எந்தத் தணிக்கையும் குறுக்கே வரவில்லை. பொம்மைதானே!

என் ஃபோல்டர்களை இதுவரை ரகவாரியாக அடுக்கியிருந்தேன்: துப்பாக்கி, ரோபோ, ராக்கெட், காமெடி. அன்றிரவு எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக மாற்றினேன். கொசுகேயின் டப்பா ஜீப்புக்குப் பக்கத்திலேயே யூ-235 துப்பாக்கி வந்து உட்கார்ந்தது.

வால்பேப்பரை மாற்றவில்லை. அந்த மேகத்தின் மேல் மட்டும் இப்போது எந்த ஃபைலையும் வைப்பதில்லை.