மூச்சை அடக்கியவரும் மூச்சைச் சுமந்தவரும்

கடலின் அடித்தளத்தைத் தொடுவதற்கு மனிதன் இரு வழிகளைக் கண்டான். மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்குவது ஒன்று. மூச்சுக்கு வேண்டிய காற்றை உடன் சுமந்து செல்வது மற்றொன்று. முதல் வழி ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மூத்தது. இரண்டாம் வழி, இன்று நாம் காணும் உருவில், 1943ஆம் ஆண்டில் பிறந்தது. முதல் வழியில் நம் கடற்கரை மக்கள் உலகப் புகழ் பெற்றவர்கள். அந்தத் தேர்ச்சியே இரண்டாம் வழியில் அவர்களுக்குப் பகையாக வந்து முடிந்தது. அந்த வரலாற்றையே இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மன்னார் வளைகுடாவின் அடித்தளம் எங்கும் ஒரே சீரான மணற்பரப்பு அன்று. ஆங்காங்கே கடினமான பாறைத் திட்டுகள் உண்டு. அவற்றைப் 'பார்' என்று நம் கடலோடிகள் அழைப்பர். தூத்துக்குடிக் கடலில் உள்ள தொல்லாயிரம் பார் அவற்றுள் பெயர் பெற்றது. முத்துச் சிப்பி பற்றி வளர்வது இப்பார்களில்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிக்கச் செய்ததாகக் கூறுகிறது. 1344ஆம் ஆண்டில் இலங்கை வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் அவையில் அவருடைய கடலில் எடுத்த முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்ததை நேரில் கண்டார். பாரசீக வளைகுடாவின் மூழ்குவோரைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். அவர்களில் சிலர் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நீரடியில் தங்குவர் என்பது அவர் கூற்று. இது மிகை. எத்தனை தேர்ந்தவராயினும், நாள் முழுதும் மீண்டும் மீண்டும் மூழ்கும் தொழிலாளி ஒரு முறைக்கு ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடமே நீரடியில் நிற்க இயலும்.

அந்த ஒரு நிமிடத்தைச் சுற்றியே தொழில் முழுதும் அமைந்திருந்தது. ஐந்து முதல் பத்துப் பாக ஆழம். கயிற்றில் கட்டிய கல்லின்மீது காலை ஊன்றி மூழ்குவோர் இறங்குவார். கல்லின் கனம் அவரை நொடிகளில் அடியில் சேர்க்கும். கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் வாரிப் போட்டுக் கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் உடனே இழுத்து மேலேற்றுவார். கயிற்றைப் பிடிப்பவர் மனைவியின் உடன்பிறந்தவராகவே இருக்க வேண்டும் என்று நம் கரைகளில் சொல்வது உண்டு. தன் உடன்பிறந்தாள் கைம்பெண்ணாவதை விரும்பாதவன் கயிற்றை விடமாட்டான் என்பது அதன் பொருள்.

முத்துக்குளிப்புக்குச் 'சிலாபம்' என்பது பழம்பெயர். பிரிட்டிஷ் ஆட்சியில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் சிலாபம் கூடும்போது ஆளற்ற மணல்வெளி சில வாரங்களுக்குப் பெருநகராக மாறும். கீழக்கரை முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரதவர்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகளும் அருகருகே மூழ்கினர். 1905ஆம் ஆண்டுச் சிலாபத்தில் எடுத்த சிப்பிகள் ஏறத்தாழ எட்டுக் கோடி. அவற்றை மூன்று பங்காகப் பிரித்து, இரண்டு பங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மூழ்கியவர்களுக்கு ஒரு பங்கு. மறு ஆண்டே பார்கள் ஒரு தனியார் கும்பெனிக்கு இருபதாண்டுக் குத்தகையாக விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி வளம் குன்றியது, கும்பெனியும் கலைந்தது. சிப்பியின் எண்ணிக்கையையும் ஏலத் தொகையையும் ஆவணங்கள் காத்து வைத்துள்ளன. மூழ்கியவர்களின் பெயர்களை அவ்வாறு காத்து வைத்தவர் இலர்.

மூச்சை அடக்குவதோடு மனித அறிவு நின்றுவிடவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர் மூவர் தம் பொறிகள் நூலில், நச்சுக் காற்று நிறைந்த கிணற்றில் இறங்குவோர் மேலிருந்து காற்றைப் பெறும் ஒரு கருவியையும், நீரடியில் கிடக்கும் பொருளைக் கவ்வி எடுக்கும் ஒரு பொறியையும் விவரித்தனர். மணிகளைப் பற்றி நூல் எழுதிய அல்பிரூனி, தோலாலான மூடியும் நீர்மேல் மிதக்கும் குழாயும் கொண்டு மூழ்குவோர் இருப்பதாகத் தாம் கேள்வியுற்றதைக் குறித்துள்ளார். கருத்து அரியது, எனினும் ஆழத்தில் அது பயன் தராது. மார்பளவு ஆழம் தாண்டினாலே நீரின் அழுத்தம் விலாவை நெருக்கும். குழாய் வழியே வரும் சாதாரணக் காற்றை நுரையீரலால் உள்ளிழுக்க முடியாது. நீரின் அழுத்தத்திற்குச் சமமாகக் காற்றையும் அழுத்திக் கொடுத்தாக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழுத்தப் பொறிகள் வந்தபோது அது கைகூடியது. தலைக்கவசம் அணிந்தோர் கடலடியில் மணிக்கணக்கில் நடந்தனர். ஆற்றின் அடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் அமர்ந்து தொழிலாளர் பாலங்களுக்கு அடித்தளம் தோண்டினர். ஆனால் மேலே வந்த பின்னர் அவர்களில் பலர் மூட்டு வலியால் துடித்தனர், சிலர் கால் விளங்காமற் போயினர், சிலர் மாண்டனர். நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் இந்நோயால் தாக்குண்டு நீண்ட காலம் முடங்கினார். இறங்கியபோது வராத நோய் ஏறிய பின் வந்தது ஏன் என்பது புதிராக இருந்தது.

1878இல் பிரெஞ்சு அறிஞர் பால் பேர் அதற்கு விடை கண்டார். நாம் சுவாசிக்கும் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். அழுத்தத்தில் அது இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடுகிறது. கோலி சோடாவை எண்ணிப் பார்க்கலாம். கோலியை அழுத்திய மறுகணம் குமிழிகள் பொங்குகின்றன. ஆழத்திலிருந்து விரைந்து மேலேறும் மனிதனின் உடலிலும் அவ்வாறே குமிழிகள் எழுகின்றன. அவை தண்டுவடத்தைத் தாக்கினால் கால்கள் செயலிழக்கின்றன. 1908இல் ஹால்டேன் என்னும் பிரிட்டிஷ் அறிஞரும் அவருடைய தோழர்களும் வெள்ளாடுகளைக் கொண்டு ஆராய்ந்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவர் எங்கெங்கே நின்று நின்று மேலேற வேண்டும் என்று அட்டவணை வகுத்தனர்.

1943இல் பிரான்சில் கூஸ்டோவும் காஞ்ஞானும், முதுகில் சுமக்கும் உருளையிலிருந்து ஆழத்திற்கேற்ற அழுத்தத்தில் காற்றைத் தரும் கருவியை உருவாக்கினர். கயிறும் குழாயும் இன்றி மனிதன் மீனைப்போல் உலவினான். ஆனால் விலையும் உடனே கேட்கப்பட்டது. 1947இல் கூஸ்டோவின் குழுவைச் சேர்ந்த மோரீஸ் ஃபார்க் ஏறத்தாழ 120 மீட்டர் ஆழத்தைத் தொட முயன்று உயிரிழந்தார்.

இக்கருவியோடு ஆழக் குன்றுகளுக்கு இறங்கக் கற்றவர்கள் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதை நோக்குவோம். அந்தமான் கடலில், தாய்லாந்துக் கரைக்கு அப்பால் ரிசெலியூ பாறை என்றொரு குன்று உண்டு. அதன் உச்சி வற்றுநேரத்தில் மட்டுமே தலைகாட்டும். அடிவாரம் 30 மீட்டருக்கும் கீழே உள்ளது. அந்த ஆழத்தில் உடலைச் சூழும் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல் நான்கு மடங்கு. பயிற்சி பெற்றவர்கள் முதலில் அடிவாரத்திற்குச் சென்று சில நிமிடங்களே தங்கி, பின்னர் குன்றைச் சுற்றிச் சுற்றி மெல்ல மேலேறுகின்றனர். நிமிடத்திற்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறுவதில்லை. ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்கின்றனர். அவர்களுக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம், மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது என்பது. பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று, மேற்பரப்பை அடையுமுன் இரு மடங்காக விரியும்; அதை அடக்கினால் நுரையீரல் கிழியும்.

இப்பொழுது நம் முன்னோரின் கலையை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் பிள்ளைகளுக்குக் கற்பித்தவை இரண்டு: மூச்சை அடக்கு, விரைந்து மேலே வா. கரையில் இழுத்த ஒரே மூச்சோடு இறங்கியவர்களுக்கு அவ்விரண்டும் உயிர்காக்கும் அறிவு. ஒரு மூச்சில் உடலில் சேரும் நைட்ரஜன் மிகச் சிறிது. உருளையைச் சுமந்தவர்களுக்கோ அவ்விரண்டும் உயிர்க்கொல்லி. தலைமுறை தலைமுறையாக உடலில் ஊறிய பழக்கம் ஒரு கருவி மாறியதும் தலைகீழாயிற்று. கருவி நம் கரைக்கு விரைந்து வந்தது. அட்டவணை அத்தனை விரைவாக வரவில்லை.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சங்குத் தொழில் அதன் பின்னும் தொடர்ந்தது. படகில் உள்ள பொறியிலிருந்து குழாய் வழியே காற்றைப் பெற்றுச் சங்கு குளிப்போர் நம் கரையில் உண்டு. இலங்கையின் வடமேற்கு, கிழக்குக் கரைகளில் உருளைகளோடு சங்கும் கடல் அட்டையும் எடுப்போர் உண்டு. ஒரே நாளில் பலமுறை இறங்கி விரைந்து ஏறுவதால் இளைஞர்கள் நடக்க இயலாமற் போனதை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். இவர்களில் பெரும்பாலோர் பயிற்சி பெறாதவர்கள், பார்த்துப் பழகியவர்கள்.

மூட்டு வலி, கால் மரத்தல், தலைச்சுற்றல், சிறுநீர் பிரியாமை ஆகியவற்றுள் ஒன்று கடலிலிருந்து ஏறியவரிடம் தோன்றினால், அதைக் களைப்பு என்று எண்ணி உறங்க வைப்பது பிழை. உடனே பிராணவாயு கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே வழி. தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் கால்களைப் பறிக்கக்கூடும்.

முன்பு படகில் கயிற்றைப் பிடித்தபடி ஒரு மைத்துனர் இருந்தார். உருளையைச் சுமந்தவருக்குக் கயிறு இல்லை. ஆகவே அந்த மைத்துனரும் இல்லை. அவருடைய இடத்தில் இன்று ஒரு கடிகாரமும், ஓர் அட்டவணையும், "இன்றைக்கு இது போதும்" என்று சொல்லத் துணிந்த ஒரு படகுச் சொந்தக்காரரும் இருக்க வேண்டும். தம் பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பும் குடும்பங்கள் இம்மூன்றையும் கேட்டுப் பெற வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.