படையைக் கலைத்த நாடு

வடக்கே நிக்கராகுவாவும் தென்கிழக்கே பனாமாவும் எல்லைகளாக, மத்திய அமெரிக்காவில் ஏறத்தாழ 51,100 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த சிறு நாடு கோஸ்தாரிக்கா. 'வளமான கடற்கரை' என்பது அப்பெயரின் பொருள். 1502இல் கொலம்பஸ் தம் நான்காம் பயணத்தின்போது அதன் கரீபியக் கரையை அடைந்தார். பின்வந்த ஸ்பானியர் பொன்னைத் தேடி அலைந்தனர்; கிடைத்ததோ மிகச் சிறிதே. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

1821இல் ஸ்பெயினின் ஆட்சி நீங்கியது. அந்நூற்றாண்டிலேயே காப்பி நாட்டின் முதன்மை விளைபொருளாயிற்று. காப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல இருப்புப் பாதை அமைத்தபோது, ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர் பலர் காய்ச்சலுக்கு இரையாயினர். எஞ்சியோர் லிமோன் பகுதியின் வாழைத் தோட்டங்களில் உழைத்தனர். 1869இலேயே தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கிய அந்நாடு, இவர்தம் வழித்தோன்றல்களைக் குடிமக்களாக ஏற்க நெடுங்காலம் தயங்கிற்று என்பதையும் மறைத்தலாகாது.

ஆயினும் உலகம் இந்நாட்டை நினைவுகூர்வது வேறொரு செயலுக்காக. 1948 பிப்ரவரித் தேர்தலில் உலாத்தே வென்றதாக அறிவிக்கப்பட்டது. முன்னாள் அதிபர் கால்டெரோனின் ஆதரவாளர் மிகுந்திருந்த நாடாளுமன்றம் அம்முடிவு செல்லாதென்றது. ஹோசே ஃபிகேரஸ் என்னும் தோட்ட உரிமையாளர் ஆயுதமேந்தினார். 44 நாள் நீடித்த உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர் என்பர்.

வென்றவர் தம் படையைப் பெருக்குவதே உலக வழக்கம். ஃபிகேரஸோ 1948 டிசம்பர் 1ஆம் நாள், தலைநகர் சான் ஹோசேயிலுள்ள பெயாவிஸ்தாப் படைவீட்டின் சுவரைச் சம்மட்டியால் அடித்து, படை கலைக்கப்பட்டதென அறிவித்தார். இதனை அருளுள்ளத்தின் விளைவு என்று மட்டும் கொள்வது பிழை. தோற்றோர் பக்கம் நின்ற பழைய படையை அவர் நம்பவில்லை. நாளை தமக்கெதிராக ஒரு படைத்தலைவன் எழலாகாது என்ற கணக்கும் அதில் இருந்தது. பொதுவுடைமைக் கட்சியைத் தடைசெய்தவரும் அவரே.

சோதனை உடனே வந்தது. அதே மாதத்தில் கால்டெரோனின் ஆதரவாளர் நிக்கராகுவாவிலிருந்து படையெடுத்தனர். கோஸ்தாரிக்கா அமெரிக்க நாடுகள் அமைப்பிடம் முறையிட்டது. அதன் தலையீட்டால் பூசல் தணிந்தது. 1949 ஏப்ரலிலோ, படைக் கலைப்பை முன்மொழிந்த பாதுகாப்பு அமைச்சர் எட்கார் கார்தோனாவே அரசுக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தார்! அக்கிளர்ச்சி விரைவில் அடங்கியது.

1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு, நிலையான படையை விலக்கிற்று. பெண்களும் வாக்குரிமை பெற்றனர். ஃபிகேரஸ் ஆட்சியை உலாத்தேயிடம் ஒப்படைத்து விலகி, 1953இல் மக்கள் வாக்கால் அதிபரானார். 1955இல் மீண்டும் ஒரு படையெடுப்பு நேர்ந்தபோதும் 12ஆம் பிரிவு மாற்றப்படவில்லை. அண்டை நாடுகளின் போர்களுக்கு அமைதி வழி வகுத்தமைக்காக, அதிபர் ஆஸ்கர் அரியாஸ் 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

சம்மட்டி அடிபட்ட பெயாவிஸ்தா இன்று தேசிய அருங்காட்சியகமாக விளங்குகிறது. அதன் கோபுரங்களில் குண்டு துளைத்த வடுக்களைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள்.