ஸ்டாண்டர்டு ஹெரால்டும் டபுள் கிளட்ச் முறையும்

சென்னை இரும்புலியூருக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் – வண்டலூர் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இயங்கியது. 1961 முதல் அங்கு தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் 948 சி.சி. இன்ஜினும் நான்கு முன்னோக்கு கியர்களும் கொண்டது.

இதன் முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ், அதாவது பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது. ஏற்றத்தில் வண்டி திணறும்போது ஓட்டத்திலேயே முதல் கியருக்கு இறக்க, ஓட்டுநர் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைச் சற்றே அழுத்தி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். இதுவே 'டபுள் கிளட்ச்' எனப்பட்டது. தவறினால் பற்கள் உரசித் தேயும். சரியாகச் செய்தால் இழுவை குறையாமல் வண்டி ஏறும்.

எல்லா கியர்களுக்கும் சின்க்ரோமெஷ் வந்தபின் இத்திறனுக்குத் தேவை குறைந்தது. 1980-களின் இறுதியில் இந்நிறுவனத்தின் கார் தயாரிப்பும் நின்றது.